சுத்திகரித்த கழிவுநீர் ஆற்றில் கலந்தால் என்ன ஆகும்?

ஒரு பேரூராட்சியில் பாதாள சாக்கடை போட்டு, ஆற்றங்கரையில் சின்னதாக ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் கட்டிவிட்டால் ஆறு தப்பித்தது என்று பலரும் நம்புகிறோம். நிலையம் இருப்பது நல்லது. இல்லாமல் இருப்பதைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் அங்கிருந்து வெளியேறும் தண்ணீர் ஆற்றை என்ன செய்யும் என்பது நிலையத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஆறுகளுக்கு இது மிகவும் முக்கியம்.

முதலில் ஆக்சிஜன். ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீனும் நண்டும் சேற்றில் வாழும் புழுக்களும் சுவாசிக்கின்றன. அது மிகவும் கொஞ்சம். தண்ணீர் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம்தான் கரையும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம் கரையும். அதாவது தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜனுக்கு இடம் குறைகிறது. மீன்கள் பிழைத்திருக்க லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. மே மாதத்தில் ஏழரைக்கும் நான்குக்கும் நடுவே உள்ள மூன்றரை மில்லிகிராம்தான் ஆற்றின் கையிருப்பு.

சாக்கடைத் தண்ணீர் இந்தக் கையிருப்பைத்தான் தின்கிறது. மலம், சோப்பு, சோற்றுக் கஞ்சி, எண்ணெய் எல்லாம் பாக்டீரியாவுக்கு உணவு. உணவு கிடைத்ததும் பாக்டீரியா பெருகும், பெருகும்போது சுவாசிக்கும், சுவாசிக்கத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை என்ற அளவுதான் பி.ஓ.டி. சுத்திகரிப்பு நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் கட்டாயம் இந்த மூன்றெழுத்து இருக்கும். தமிழில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பார்கள். இந்தியாவில் மாதிரியை 27 டிகிரியில் 3 நாள் வைத்து இதை அளக்கிறோம். சுத்தமான ஆற்றில் இது 2 அல்லது அதற்கும் கீழே இருக்கும். வீட்டுக் கழிவுநீரில் 200 முதல் 300 வரை இருக்கும்.

இனி ஒரு கணக்கு. 20,000 பேர் வாழும் ஒரு சின்ன ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசின் வழிகாட்டு அளவு. அதில் 80 சதவீதம் சாக்கடைக்குப் போகும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் தினமும் 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர், நொடிக்கு 25 லிட்டர். பி.ஓ.டி. 250 என்று வைத்தால், அந்த ஊர் ஒரே நாளில் ஆற்றிடம் கேட்கும் ஆக்சிஜன் 540 கிலோ. ஏழரை மில்லிகிராம் வீதம் ஆக்சிஜன் நிறைந்த 7 கோடியே 20 லட்சம் லிட்டர் தண்ணீரை முழுவதும் உறிஞ்சினால்தான் அவ்வளவு கிடைக்கும். ஒரு சிறிய ஊர் தினமும் கேட்பது இவ்வளவு.

நிலையத்துக்குள் நடப்பது என்ன? ஆற்றில் நடக்க இருந்ததையே தொட்டிக்குள் வேகமாக நடத்துகிறார்கள், அவ்வளவுதான். முதலில் கம்பித் தடுப்பில் துணி, நாப்கின், பிளாஸ்டிக் பை எல்லாம் மாட்டிக்கொள்ளும். அடுத்து மணல் அடங்கும். பிறகு காற்றூட்டும் தொட்டி. ப்ளோயர் என்ற காற்று இயந்திரம் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்றை ஏற்ற, பாக்டீரியா அழுக்கைத் தின்று கொழகொழப்பான பழுப்புத் திரளாகச் சேரும். கடைசியாகத் தெளியவிடும் தொட்டியில் அந்தத் திரள் அடியில் படிய, மேலே நிற்கும் தெளிந்த நீர் வழிந்து வெளியேறும். படிந்த கசட்டில் ஒரு பங்கை மறுபடி காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவார்கள். இந்தத் திருப்பி அனுப்பும் வேலையில்தான் முறையின் உயிர் இருக்கிறது. 1914-இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் இதைக் கண்டுபிடித்தார்கள். புதிய கழிவுநீருக்கு வெறுமனே காற்றூட்டியபோது அது முழுதாகச் சுத்தமாக வாரக் கணக்கில் ஆனது. அடியில் படிந்த கசட்டைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன்மேலேயே புதிய கழிவுநீரை ஊற்றிக் காற்றூட்ட, சில மணி நேரமே போதுமாகிவிட்டது. இன்று உலகெங்கும் இயங்கும் பெரும்பாலான நிலையங்கள் இந்த முறையின் வாரிசுகள்தான்.

சரி, நிலையம் ஒழுங்காக ஓடுகிறது, 250 என்று வந்த பி.ஓ.டி. 30 ஆகிவிட்டது. 2017-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதிப்படி பெருநகரங்களுக்கும் மாநிலத் தலைநகரங்களுக்கும் 20, மற்ற ஊர்களுக்கு 30 என்பது வரம்பு. (2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதை இன்னும் கடுமையாக்கச் சொன்னது.) ஆகவே அந்த 2017 விதிப்படி நம் கற்பனை ஊர் தேறிவிட்டது. ஆறும் தேறியதா?

நவம்பர் மாதம், ஆற்றில் நொடிக்கு 1,000 லிட்டர் ஓடுகிறது. அதன் பி.ஓ.டி. 2. அதில் நொடிக்கு 25 லிட்டர் வீதம் 30 பி.ஓ.டி. உள்ள நீர் கலக்கிறது. ஆயிரத்தை இரண்டால் பெருக்கி, இருபத்தைந்தை முப்பதால் பெருக்கி, இரண்டையும் கூட்டி 1,025 லிட்டருக்குப் பங்கிட்டால் வருவது 2.7. குளிக்கத் தகுந்த நீரின் வரம்பு 3. அதற்குள்தான் நிற்கிறது.

அதே ஊர், அதே நிலையம், மே மாதம். ஆற்றில் நொடிக்கு 50 லிட்டர்தான் ஓடுகிறது. இப்போது கலவையின் பி.ஓ.டி. 11.3. நிலையத்தில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. பலகையில் 30 என்றுதான் எழுதியிருக்கும், எழுதியது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் குழாய்க்குக் கீழே உள்ள ஆறு இப்போது வேறு ஆறு.

இந்த வரம்பு எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பிரிட்டனில் 1898-இல் கழிவுநீர் அகற்றலை ஆராய ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அது 1912-இல் தன் எட்டாவது அறிக்கையில் புகழ்பெற்ற ஒரு பரிந்துரையைத் தந்தது: வெளியேறும் நீரில் பி.ஓ.டி. 20-க்கும், மிதக்கும் திடப்பொருள் 30-க்கும் மேல் இருக்கக் கூடாது. இதன் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. ஆற்றின் பி.ஓ.டி. நான்கைத் தாண்டினால் தொல்லை தொடங்கும் என்று ஆணையம் கண்டிருந்தது. நல்ல ஆற்றில் ஏற்கெனவே 2 இருக்கும். கழிவுநீரைப்போல 8 மடங்கு ஆற்று நீர் இருந்தால், எட்டுப் பங்கு 2-உம் ஒரு பங்கு 20-உம் சேர்ந்து 36. ஒன்பதால் வகுத்தால் சரியாக 4. அதாவது 20 என்ற எண்ணோடு கூடவே 8 மடங்கு ஆற்று நீர் என்ற நிபந்தனையும் பிறந்தது. அதைவிடக் குறைவாக ஓடும் ஆற்றுக்கு இன்னும் கடுமையான வரம்பு வேண்டும் என்பதே அந்த ஆணையத்தின் கருத்து. பின்னால் வந்த உலகம் எண்ணை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டது. மழை பொழியும் இங்கிலாந்தில் அது பெரிய சேதம் செய்யாமல் போயிருக்கலாம். ஆண்டில் பல மாதம் மணல் தெரியும் ஆறுகள் உள்ள நாட்டில் அப்படி விட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

தாமிரபரணியையும் வைகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வற்றாத ஆறு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் அதற்குக் கிடைக்கிறது. சுமார் 130 கிலோமீட்டர் நீளத்துக்குள் விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று கரையிலும் கரையை ஒட்டியும் சிற்றூர்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் இதே ஆற்றைக் குடிக்கிறார்கள். இங்கே கலக்க ஆற்றில் தண்ணீர் உண்டு. ஆனால் ஓர் ஊரின் கழிவுக் குழாய்க்குக் கீழே அடுத்த ஊரின் குடிநீர்க் கிணறு இருக்கிறது. வைகையின் நிலை வேறு. 1895-இல் பெரியாறு அணை நீரைத் திருப்பிவிட்டும், 1959-இல் வைகை அணை வந்தும், மதுரைக்குள் ஆறு பெரும்பாலான நாட்கள் வறண்டுதான் கிடக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. மற்ற நாட்களில் பாலத்துக்கடியில் தேங்கி நிற்பது வாய்க்கால்கள் கொண்டுவந்த கழிவுநீரும் அதன்மேல் படர்ந்த ஆகாயத்தாமரையும்தான். அப்படிப்பட்ட ஆற்றில் நன்றாகச் சுத்திகரித்த நீரை விட்டாலும் அதனுடன் கலக்க வேறு நீர் இல்லை. வெளியேறும் நீரே ஆறாகிவிடுகிறது. கழிவுநீரின் அமோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டையும் சேர்த்துக்கொண்டு மணல் வழியே இறங்கி நிலத்தடி நீரிலும் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற இந்தியத் தர அளவு அப்போது நினைவுக்கு வர வேண்டும்.

அப்புறம், பாதிப்பு எங்கே தெரியும் என்ற கேள்வி. குழாய் வாயிலில்தான் ஆறு மிக மோசமாக இருக்கும் என்று நினைப்போம். ஆக்சிஜனைப் பொறுத்தவரை அப்படி இல்லை. பாக்டீரியா தின்று முடிக்க நேரம் ஆகும். அதற்குள் தண்ணீர் ஓடிவிடும். நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்ற மெதுவான ஓட்டத்திலும் ஒரு நாளில் சுமார் 26 கிலோமீட்டர் போய்விடும். போகும் வழியில் காற்றிலிருந்து புதிய ஆக்சிஜனும் கரைந்துகொண்டே இருக்கும். பாறைகளில் மோதும் இடத்திலும் தடுப்பணையில் குதிக்கும் இடத்திலும் அதிகமாகக் கரையும். தின்பதும் கரைவதும் ஒன்றோடொன்று போட்டியிட, ஆக்சிஜன் முதலில் படிப்படியாக இறங்கி, எங்கோ கீழே அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறும். ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் அமெரிக்காவின் ஓஹியோ ஆற்றை ஆராய்ந்து 1925-இல் இதைச் சமன்பாடாக்கினார்கள். இன்றும் பொறியாளர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வெயில் காலத்தில் பாக்டீரியா வேகமாகத் தின்பதால் அந்த அடிமட்டம் குழாய்க்கு அருகே நகர்ந்து வரும், ஆழமாகவும் இருக்கும். தண்ணீரே ஆக்சிஜனைக் குறைவாகப் பிடித்துவைத்திருக்கும் நேரமும் அதுதான்.

அந்த இடத்தில் ஆற்றில் இறங்கிப் பார்ப்பவர்களுக்கு எந்தக் கருவியும் தேவைப்படாது. கல்லில் சாம்பல் நிற வழவழப்பான இழைகள் படர்ந்திருக்கும். கல்லைப் புரட்டினால் தும்பியின் இளம்புழுக்களுக்குப் பதில் சேற்றில் நெளியும் செம்புழுக்கள் இருக்கும். கெண்டை குறைந்து, மேலே வந்து காற்றையே சுவாசிக்கத் தெரிந்த விராலும் தேளியும் மிஞ்சும்.

பி.ஓ.டி. குறைந்துவிட்டாலே எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. வீட்டுக் கழிவுநீரில் சிறுநீரிலிருந்து வரும் அமோனியா நிறைய இருக்கும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தனி வகை, மெதுவாக வளரும், காற்று நிறையத் தேவை. காற்றைச் சிக்கனமாக விடும் நிலையத்தில் அமோனியா அப்படியே வெளியேறும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். லிட்டருக்கு 25 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் மிச்சமிருந்தால் ஆறு கொடுக்க வேண்டியது 115 மில்லிகிராம். பலகையில் எழுதிய 30-ஐப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு! 3 நாள் சோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது என்பதால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அமோனியாவும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரம். பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும், இரவில் எடுத்துக்கொள்ளும். ஆகவே பாசி மண்டிய ஆற்றில் நண்பகலில் அளந்தால் ஆக்சிஜன் பிரமாதமாக இருக்கும். விடியற்காலை அளந்தால் ஒன்றுமே இருக்காது. மீன்கள் செத்து மிதப்பதைப் பெரும்பாலும் காலையில் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் மாதிரி எடுக்க ஆட்கள் வருவது பெரும்பாலும் பதினோரு மணிக்கு.

கிருமிகளின் கணக்கு வேறு வகை. சுத்திகரிக்காத கழிவுநீரில் மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் மலக் கோலிபார்ம் என்ற குடல் பாக்டீரியா 100 மில்லி லிட்டருக்கு ஒரு கோடி இருப்பது சாதாரணம். நிலையம் 99 சதவீதம் நீக்கிவிட்டது என்றால் பெரிய சாதனையாகத் தோன்றும். மிச்சம் ஒரு லட்சம். குளிக்கும் நீரில் 500 இருப்பது விரும்பத்தக்கது, அதிகபட்சம் 2,500. நம் நவம்பர் ஆற்றில் கலந்த பிறகு ஏறக்குறைய 2,400, எல்லைக்கோட்டில் நிற்கிறது. மே மாத ஆற்றில் 33,000. ஆகவே படித்துறை உள்ள ஆற்றில் விடும் நீருக்குக் கிருமி நீக்கம் தவிர்க்க முடியாத கடைசிப் படி. குளோரின் மலிவு, ஆனால் மிச்சக் குளோரின் மீனுக்கு ஆகாது. நிலம் உள்ள ஊரில் ஆழம் குறைந்த குளங்களில் நாட்கணக்கில் வெயில்பட வைத்திருந்தால் சூரியனே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும்.

சின்ன நிலையங்களுக்கு என்று தனிச் சங்கடங்கள் உண்டு. பெரிய நகரத்தில் கழிவுநீர் நாள் முழுக்க ஓரளவு சீராக வரும். சிற்றூரில் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் எல்லாரும் குளித்துத் துவைத்து முடிப்பதால் மொத்தமாகப் பாய்ந்து வரும். நள்ளிரவில் சொட்டுச் சொட்டாக வரும். அந்தக் காலை வெள்ளம் படியாத கசட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். மின்சாரம் போனால் ப்ளோயர் நிற்கும். சில மணி நேரத்தில் தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கறுக்கத் தொடங்கும். பல இடங்களில் ஒரே ஒரு ஆப்பரேட்டர், அவரும் ஒப்பந்தப் பணியாளர். ஊரின் நீர்நிலையைக் காக்கும் அவருக்குப் பயிற்சியும் நல்ல சம்பளமும் தராமல் இயந்திரங்களுக்கு மட்டும் கோடிகளைச் செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கைவிடப்படுவது கசடு. நம் 20,000 பேர் ஊரில் தினமும் தோராயமாக 200 கிலோ உலர் கசடு உருவாகும். நூற்றுக்கு ஒரு பங்கு திடப்பொருள், மற்றதெல்லாம் தண்ணீர் என்ற நிலையில் அது 20,000 லிட்டர் சேறு. அதை எடுத்து உலர்த்த இடமும் ஆளும் இல்லாவிட்டால் தொட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். ஒரு பெருமழை நாளில் மொத்தமும் கழுவிக்கொண்டு ஆற்றில் இறங்கும். மாதக் கணக்கில் நிலையம் பிடித்துவைத்த அழுக்கு ஒரே இரவில் திரும்பிவிடும்.

நிலையத்துக்கே வந்து சேராத கழிவுநீரும் உண்டு. வீட்டு இணைப்பு கொடுக்காத தெருக்களில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்து திறந்த வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போகிறது. டேங்கைக் காலி செய்யும் லாரி எங்கே கொட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மதுராந்தகம் அருகே கருங்குழியில் இப்படி லாரியில் வரும் மலக் கசட்டுக்கென்றே தனி நிலையம் இயங்குகிறது. பாதாள சாக்கடை எட்டாத சிற்றூர்களுக்கு இது பொருத்தமான வழி.

ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் சுத்திகரித்த நீரை ஆற்றுக்கே விடாமல் இருக்கலாம். தீவனப் புல்லுக்கும் தென்னைக்கும் மரக்காட்டுக்கும் அமோனியாவும் பாஸ்பேட்டும் உணவு. ஆற்றுக்குச் சுமையாக இருப்பது அங்கே உரமாகிவிடும். மதுரை அவனியாபுரத்தில் கழிவுநீரில் தீவனப் புல் வளர்த்தது பழைய கதை. மழைக்காலத்தில் ஆற்றுக்கு, கோடையில் நிலத்துக்கு என்று குழாயிலேயே இரண்டு வழி வைத்துக் கட்டினால் செலவு அதிகம் கூடாது. பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு மட்டும், கிருமி நீக்கம் உறுதியாகாமல் இந்த நீரைப் பாய்ச்சக் கூடாது.

உங்கள் ஊர் நிலையம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், பலகைக்கு முன்னால் நிற்பதைவிடக் காற்றூட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தொட்டி பழுப்பாக இருந்து மண் வாசனை வந்தால் நல்லது. கறுப்பாக இருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. ஒரு லிட்டர் கண்ணாடிக் குழலில் அந்த நீரை எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். கசடு கீழே இறங்கி மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். மின்கட்டண ரசீதையும் கேட்டுப் பாருங்கள், ப்ளோயர் ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். கசடு எடுத்த பதிவேடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிறகு ஆற்றுக்குப் போக வேண்டும். குழாய்க்குச் சற்று மேலே ஓர் இடம், கீழே நீர் நன்றாகக் கலந்த பிறகு ஓர் இடம், இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் என மூன்றிலும், ஏப்ரல் அல்லது மே மாதத்தில், சூரியன் உதிக்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை அங்கேயே கருவியால் அளப்பது நல்லது. முடியாவிட்டால் குமிழ் இல்லாமல் பாட்டிலை நிரப்பி, அதற்குரிய ரசாயனத்தைக் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். வண்டியில் குலுங்கினால் அளவு மாறிவிடும். பி.ஓ.டி., அமோனியா, கோலிபார்ம் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்ப்பியுங்கள்.